நீலத் தாள்

செப்டம்பர் 9

அக்கா,

இனிமேல் போனில் பேச மாட்டேன், எழுது என்றாய். எழுதுகிறேன். "வாயில சொன்னா நீ அப்புறம் மாத்திடுவே, எழுத்துன்னா என் கையில இருக்கும்" என்று சொல்லி நீ போனை வைத்த வேகத்தில் எனக்குக் காது அடைத்துவிட்டது. கூடப்பிறந்தவனிடம் ரசீது கேட்கிற ஒரே ஆள் நீதான். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் இருபத்திரண்டு வருஷம் உட்கார்ந்தால் இப்படித்தான் ஆகும்போல. சீட்டு இல்லாமல் ஒரு மாத்திரை தர மாட்டாய். இப்போது சீட்டு இல்லாமல் தம்பியையும் நம்ப மாட்டாய்.

அப்பா வீட்டை விற்ற பணத்தில் என் பாதியையும் நீயே வைத்துக்கொள், எதில் போட வேண்டுமோ போடு என்று நான்தான் சொன்னேன். இன்றைக்கும் அதையேதான் சொல்கிறேன். சித்தப்பா வீட்டில் விளையாட்டாக ஒரு வார்த்தை சொன்னேன். "பணத்தைப் பத்தி அக்காகிட்ட கேளுங்க, எனக்கு அதுல பேச்சே கிடையாது" என்று. அது உன்னிடம் வரும்போது கண், காது, மூக்கு எல்லாம் வைத்து வந்திருக்கிறது.

சிப் செய்யும் ஆலைகளுக்கு மெஷின் செய்து கொடுக்கிற கம்பெனிகளின் பங்குகளை வாங்கியிருக்கிறாய். உன் இஷ்டம். ஒன்றே ஒன்று. நான் வேலை பார்க்கிற கம்பெனியை மட்டும் தொடாதே. நான் மெஷினை ஆலைக்குள் கொண்டுபோய்ப் பூட்டி, ஓட வைக்கிறவன். எது ஓடுகிறது, எது மக்கர் பண்ணுகிறது என்று ஊருக்கு முன்னால் எனக்குத் தெரிந்துவிடும். அதனால் என் வீட்டார் யாரும் எங்கள் பங்கை வாங்குவதென்றால் முன்கூட்டியே எழுதிக் கேட்டு அனுமதி வாங்க வேண்டும். 'என் உறவில் யாரும் வாங்கவில்லை' என்று வருஷாவருஷம் கையெழுத்துப் போடுகிறேன். அது பொய்யானால் வேலை போகும், பின்னாடியே வழக்கும் வரும். பதினோரு வருஷ வேலை, அக்கா. எனக்கு வேறு எதுவும் தெரியாது.

தாள் ஏன் நீலம் என்று கேட்பாய். மெஷின் இருக்கிற அறையில் ஒரு தூசி விழுந்தால் சிப் பாழ். சாதாரணத் தாளில் நார் உதிரும் என்று உள்ளே விட மாட்டார்கள். இந்த நீலத் தாள் உதிராது. பேனாவும் அவர்கள் கொடுக்கிற ஒரே வகைதான், கறுப்பு மை. இடைவேளையில், உடை மாற்றுகிற பெஞ்சில் உட்கார்ந்து மிச்சத் தாளில் எழுதுகிறேன். ரசீதாக வைத்துக்கொள்.

தம்பி

செப்டம்பர் 21

டேய் திருப்புளி,

கடிதம் வந்தது. தேதி எழுதிக் கோப்பில் வைத்தாயிற்று. சிரிக்காதே. நீ ஆறு வயதில் அப்பாவின் ரேடியோவைப் பிரித்துப் போட்டுவிட்டு, "அதுவாவே கழண்டுடுச்சு" என்று சொன்னவன். உன் திருப்புளிப் பெயருக்குக் காரணமே அதுதான். உன்னிடம் ரசீது கேட்காமல் யாரிடம் கேட்பது?

எதையும் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. எங்கள் ஆஸ்பத்திரி எக்ஸ்ரேக்காரரைத் தெரியுமே, மத்தியானம் டப்பாவோடு வந்து என் ஜன்னலுக்குப் பின்னால் உட்காருவாரே, அவரும் நானும் சேர்ந்துதான் கம்பெனிகளின் ஆண்டறிக்கைகளைப் படிக்கிறோம். அவர் வாதம் இது: "எந்த ஓட்டல் ஓடும், எது படுக்கும்னு யாருக்கும் தெரியாதும்மா. ஆனா ஓட்டல் வைக்கிற அத்தனை பேரும் அடுப்பு வாங்கித்தானே ஆகணும்? நாம அடுப்பு விக்கிறவன்கிட்ட காசைப் போடுவோம்." சிப் ஆலைகள்தான் ஓட்டல். நம் பணம் அடுப்புக்காரர்களிடம் இருக்கிறது. ஒரு கம்பெனி காற்றை உறிஞ்சும் பம்ப் செய்கிறது. ஒன்று சிலிக்கான் தகட்டைக் கழுவும் தொட்டி. இன்னொன்று, தகட்டில் குறை இருக்கிறதா என்று பார்க்கும் கருவி. இன்றைய தேதியில் உன் கம்பெனி இதில் இல்லை. போதுமா?

உன் மெஷின் எத்தனை பெட்டியில் வந்தது? எல்லாம் பிரித்தாயிற்றா? இரட்டை ஷிஃப்டா? ஆலைக்காரன் திருப்தியாக இருக்கிறானா? அடுத்த மெஷின் எப்போது வருகிறது? சாப்பிட்டாயா?

அக்கா

அக்டோபர் 30

தணிக்கை அதிகாரி அக்காவுக்கு,

ஆறு கேள்வி கேட்டிருக்கிறாய். ஐந்து மெஷினைப் பற்றி, ஒன்று என் சாப்பாட்டைப் பற்றி. முன்பெல்லாம் இது நேர்மாறாக இருக்கும்.

சாப்பிட்டேன். மற்ற ஐந்துக்கும் பதில் கிடையாது.

எக்ஸ்ரேக்காரரிடம் ஒன்று சொல். அடுப்பு விற்கிறவனுக்கு அப்படியொன்றும் சுளையாகக் காசு வந்துவிடாது. ஓட்டல்காரன் அந்த அடுப்பில் நாள் கணக்கில் சமைத்துப் பார்த்து, தீ ஒரே சீராக எரிகிறது என்று கையெழுத்துப் போட்டால்தான் கடைசித் தொகை வரும். அந்தக் கையெழுத்தை வாங்குவதுதான் என் பிழைப்பு. இது எல்லாருக்கும் தெரிந்த சங்கதி, அதனால் எழுதுகிறேன். இதற்கு மேல் என்னைக் கிளறாதே.

"இன்றைய தேதியில் இல்லை" என்று எழுதியிருக்கிறாய். அது என்ன இன்றைய தேதியில்? நீ 'இல்லை' என்றால் இல்லை என்றுதான் எழுதுவாய். நாளைய தேதியிலும் இல்லை என்று எழுதி அனுப்பு.

இங்கே பத்து மணி நேரம் தலை முதல் கால்வரை மூடிக்கொண்டு நிற்கிறேன். கண் மட்டும்தான் வெளியே தெரியும். பக்கத்தில் வேலை செய்கிறவனை வெளியே டீக்கடையில் பார்த்தால் யார் என்று தெரியவில்லை. அவன் நெற்றியையும் வாயையும் மறைத்துக்கொண்டு முறைத்துக் காட்டிய பிறகுதான் அடையாளம் தெரிந்தது. கையுறை இரண்டடுக்கு. விரல் இடுக்கில் அரித்தால் சொறிய வழியில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு ஷிஃப்ட் முடியக் காத்திருக்க வேண்டியதுதான்.

தம்பி

நவம்பர் 12

தம்பி,

உனக்கு நடை பழக்கியவள் நான். என் வார்த்தையில் தேதி பிடிக்கிற அளவுக்கு வளர்ந்துவிட்டாய், சந்தோஷம்.

நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். மூன்று வருஷத்தில் உன் பாதி ஒன்றரை மடங்கு ஆகியிருக்கிறது. வங்கியில் போட்டிருந்தால் எறும்பு ஊர்ந்த மாதிரி ஊர்ந்திருக்கும். ஜன்னலில் நூறு பேருக்கு மருந்து கொடுத்துவிட்டு, சாப்பிடுகிற அரை மணியில் அறிக்கை படித்து, உனக்காக நாலு காசு பார்த்தேன். அதற்குக் கூலி இந்த விசாரணை.

என்னை எதையும் எழுதிக் கொடுக்கச் சொல்லாதே. மடியில் கனம் உள்ளவன்தான் வழியில் பயப்படுவான்.

கோபம் இருந்தாலும் கடிதத்தை நிறுத்தாதே. அந்த நீலத் தாளைத் தபால்காரர் கையில் பார்த்தாலே எனக்கு நிம்மதியாக இருக்கிறது.

அக்கா

டிசம்பர் 17

அக்கா,

நீலத் தாள் கைவசம் இல்லை. கடையில் வாங்கிய வெள்ளைத் தாளில் எழுதுகிறேன்.

என் பாதியை விற்றுப் பணமாக அனுப்பு. முழுவதும் வேண்டும். பழைய கார் ஒன்று விலைக்கு வருகிறது. அதோடு விடுதியை விட்டுத் தனி அறை பார்க்கலாம் என்றும் இருக்கிறேன். கையில் கொஞ்சம் பணம் இருந்தால் நல்லதுதானே, வேறொன்றும் இல்லை.

சீக்கிரம் அனுப்பினால் நல்லது.

தம்பி

டிசம்பர் 28

தம்பி,

காருக்கு ஒரு காரணம், அறைக்கு ஒரு காரணம், 'வேறொன்றும் இல்லை' மூன்றாவது காரணம். மூன்று நோய் சொல்லி ஒரே மருந்து கேட்கிறவன் என் ஜன்னலுக்கு வந்தால், நான் மருந்தை எடுப்பதற்கு முன்னால் அவன் முகத்தை நன்றாகப் பார்ப்பேன்.

யாரிடமாவது கடன் பட்டிருக்கிறாயா? ஏதாவது பெண் விஷயமா? இருந்தால் சொல்லித் தொலை, நான் ஒன்றும் தூக்கில் போட்டுவிட மாட்டேன். அது இல்லையென்றால் நான் நினைப்பதுதான் சரி. அடுப்புக் கம்பெனிக்குள்ளேயே இருக்கிறவன் அடுப்புக்காரர்களிடம் போட்ட பணத்தைத் திருப்பிக் கேட்கிறான். எதற்கு? உள்ளே புகைகிறதா? உன் மெஷின் நின்றுவிட்டதா?

கார் வாங்குகிறவன் இப்படித் தாள் வாங்குவானா? கடிதத்தைப் பிரித்ததும் மேஜையெல்லாம் வெள்ளைத் தூள் கொட்டியது. ஊதித் தள்ளினேன். அவ்வளவு மட்டமான தாள். ஓரத்தில் கட்டைவிரல் அளவுக்கு எண்ணெய்க் கறை வேறு. எதையோ பொரித்துத் தின்றுகொண்டே அக்காவுக்குக் கடிதம் எழுதியிருக்கிறாய். அவ்வளவுதான் மரியாதை.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்காதே. உண்மைக் காரணம் எழுது, பணம் வரும்.

அக்கா

ஜனவரி 15

அக்கா,

என் பணத்தை நான் கேட்பதற்குக் காரணம் சொல்ல வேண்டுமா? வீட்டை விற்றபோது நான் உன்னிடம் காரணம் கேட்டேனா?

ஒரே கேள்வி. பணம் இருக்கிறதா, இல்லையா? நீயும் எக்ஸ்ரேக்காரரும் சேர்ந்து கரைத்துவிட்டீர்கள் என்றால் அதையாவது சொல். இருக்கிற பணத்தைக் கொடுப்பதற்கு ஒரு மாதம் தேவையில்லை. நெருப்பில்லாமல் புகையாது என்று எனக்கும் தெரியும்.

மெஷினைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன். ஓடுகிறது என்றும் எழுத மாட்டேன், நின்றது என்றும் எழுத மாட்டேன். எத்தனை முறை கேட்டாலும் இதுதான்.

கையெழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள். கை சரியாக மடங்கவில்லை. குளிர்.

தம்பி

மார்ச் 6

அக்கா,

ஜனவரிக் கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. ஏன் என்று இப்போது எனக்குத் தெரிந்துவிட்டது.

போன மாதம் எங்கள் கம்பெனி மோசமான கணக்கு வெளியிட்டது உனக்குத் தெரிந்திருக்கும். ஒரே நாளில் பங்கு பாதாளத்துக்குப் போனது. அதற்கு முன்னால் பெரிய அளவில் விற்று வெளியேறியவர்களின் பட்டியலைப் பங்குச் சந்தை அதிகாரிகள் எங்கள் கம்பெனிக்கு அனுப்பி, இவர்களில் யாராவது உங்கள் ஊழியர்களுக்கு உறவா என்று கேட்டிருக்கிறார்கள்.

நேற்று என்னைக் கூப்பிட்டார்கள். ஜன்னல் இல்லாத சின்ன அறை, ஒரு மேஜை, ஒரு தண்ணீர் ஜாடி. மூன்று பேர். ஒரு அம்மா பட்டியலை என் பக்கம் திருப்பி, பேனா முனையால் ஒரு வரியைத் தொட்டு, "இவங்க உங்களுக்கு யாரு?" என்று கேட்டார். உன் பெயர். பக்கத்தில் அப்பா பெயர். நவம்பரில் வாங்கியிருக்கிறாய். ஜனவரி இருபதாம் தேதி ஒன்றுவிடாமல் விற்றிருக்கிறாய்.

"அக்கா" என்றேன்.

"அவங்களுக்கு என்ன சொன்னீங்க?" "ஒண்ணும் சொல்லலை." "ஒண்ணும் சொல்லாமலா இவ்வளவு சரியா வித்தாங்க?" இதையே நாலு விதமாகக் கேட்டார்கள். நான் என்ன சொல்வேன்? எனக்கே தெரியவில்லையே! இருபத்தைந்தாம் தேதிக்குள் விளக்கம் கொடுக்காவிட்டால் வேலை இல்லை.

நான் உன்னிடம் எதுவும் சொல்லவில்லை என்பது உனக்கும் எனக்கும்தான் தெரியும். யாரிடம் கேட்டாய்? என் கூட வேலை செய்கிற யாரையாவது பிடித்தாயா? என் கடிதங்களைக் கோப்பில் வைத்திருக்கிறாயே, அதில் எந்த வரியைப் பார்த்து வாங்கினாய், எந்த வரியைப் பார்த்து விற்றாய்? அதையாவது சொல். நீ என்னை ஏமாற்றினாய் என்று என் வாயால் சொல்ல வைக்காதே.

தம்பி

மார்ச் 12

தம்பி,

எந்த வரியையும் பார்க்கவில்லை. தாளைப் பார்த்தேன்.

நீலத் தாள் உள்ளே போகிறவர்களுக்கு மட்டும்தான் என்று நீதான் எழுதினாய். உன்னிடமிருந்து நீலக் கடிதம் வந்தால் நீ மெஷின் பக்கத்தில் நிற்கிறாய் என்று அர்த்தம், நீ நின்றால் வேலை நடக்கிறது என்று அர்த்தம். இரண்டு கடிதம் நீலமாக வந்தது. நவம்பரில் உன் கம்பெனிப் பங்கை வாங்கினேன். என் பாதியில்தான் வாங்கினேன், உன் பாதியைத் தொடவில்லை. டிசம்பரில் வெள்ளை வந்தது. சந்தேகப்பட்டேன். பணமும் கேட்டாய். இன்னொன்று வரட்டும் என்று காத்திருந்தேன். ஜனவரியிலும் வெள்ளை. மெஷின் படுத்துவிட்டது, அதனால்தான் உன்னை வெளியே உட்கார வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். விற்றேன். எக்ஸ்ரேக்காரருக்குக்கூடத் தெரியாது.

ஏன் வாங்கினாய் என்று கேட்டால், பேராசை. வேறு பெயர் வைக்க வேண்டாம். கொஞ்சம் பெருமையும் இருந்தது. ஊர் பேர் தெரியாதவன் செய்கிற பம்ப்பை நம்பிப் பணம் போடுகிறேன், என் தம்பி கையால் பூட்டுகிற மெஷினை நம்பக் கூடாதா என்று நினைத்தேன். நீ வேண்டாம் என்று எழுதியதைப் படித்துவிட்டுத்தான் செய்தேன். தாளின் நிறம் யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்தேன். நீ எனக்கு ஒன்றும் சொல்லவில்லையே, பிறகு எப்படித் தப்பாகும் என்று எனக்கு நானே வக்காலத்து வாங்கிக்கொண்டேன்.

இதை அப்படியே அவர்களிடம் காட்டு. உன் வேலை போனால் நான் எந்த முகத்தோடு இருப்பேன்?

ஒன்று மட்டும் சொல். மெஷின் நின்றது உண்மைதானே?

அக்கா

மார்ச் 18

அக்கா,

மெஷின் ஒரு நாள்கூட நிற்கவில்லை. இந்த ஆலைக்காரன் டிசம்பர் முதல் வாரமே கையெழுத்துப் போட்டுவிட்டான். கம்பெனி விழுந்ததற்குக் காரணம் வேறு. எங்கோ ஒரு பெரிய வாடிக்கையாளர் மெஷின்கள் வேண்டாம் என்று சொல்லிவிட்டாராம். அது பேப்பரிலேயே வந்துவிட்டது, அதனால் எழுதலாம். எனக்கே பேப்பரைப் பார்த்துத்தான் தெரியும். நீ தப்பான காரணத்துக்குச் சரியான நாளில் விற்றிருக்கிறாய்.

நின்றது நான்தான்.

நவம்பர் கடைசியில் என் கைத்தோல் உதிர ஆரம்பித்தது. முதலில் விரல் இடுக்கு, பிறகு உள்ளங்கை, முழங்கை, தலை. அப்பாவுக்கு இருந்த அதே தோல்நோய்தான். உள்ளே போகும் முன் சோதிக்கிற கம்பெனி டாக்டர் கையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "தோல் உதிர்றவங்க உள்ள போகக் கூடாது" என்றார். திட்டவில்லை, நல்ல மனிதர்தான். நார் உதிர்கிற தாளை நிறுத்துகிற அதே கதவில் என்னையும் நிறுத்தினார். அன்றிலிருந்து வெளியே ஒரு மேஜையில் உட்கார்ந்து உதிரிபாகப் பட்டியல் சரிபார்க்கிறேன். உள்ளே வேலை செய்கிறவர்களுக்குத் தருகிற படிப்பணமும் இப்போது கிடையாது. டாக்டர் ஒரு ஊசி எழுதியிருக்கிறார், மாதம் ஒன்று. என் சம்பளத்தில் பாதியைத் தின்கிறது. அதற்குத்தான் பணம் கேட்டேன். கார் கிடையாது, பெண்ணும் கிடையாது.

டிசம்பர் கடிதத்தில் கொட்டியதே தூள், அது தாள் இல்லை. நான். நீ எண்ணெய் என்று திட்டிய கறை களிம்பு. களிம்பு போட்டுப் பருத்திக் கையுறை மாட்டிக்கொண்டு எழுதினேன், அப்படியும் ஊறிவிட்டது. ஒரு நாளைக்கு எத்தனை பேருக்கு அந்தக் களிம்பை எடுத்துக் கொடுக்கிறாய் அக்கா? கறையைப் பார்த்து உனக்குத் தெரியவில்லையா?

ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். அப்பா பஸ்ஸில் கண்டக்டர். சில்லறையை அவர் கையில் கொடுக்காமல் சீட்டில் வைத்துவிட்டுப் போவார்கள். ஒரு நாள் நீ தோழிகளோடு அந்த பஸ்ஸில் ஏறினாய். அப்பா உனக்கு டிக்கெட் நீட்டினார். நீ வாங்காமல், யாரோ மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய். உன் தோழிதான் வாங்கினாள். நான் டிரைவருக்குப் பின் சீட்டில் இருந்தேன். எட்டு வயது. நான் பார்த்தது உனக்குத் தெரியாது.

அதனால்தான் சொல்லவில்லை.

தம்பி

மார்ச் 24

தம்பி,

உன் கடிதம் வந்த அன்றே கோப்பை எடுத்துக்கொண்டு உன் தலைமை அலுவலகத்துக்கு பஸ் ஏறினேன். எட்டு மணி நேரப் பயணம். உன் கடிதங்கள் எல்லாவற்றையும் மேஜைமேல் வரிசையாக வைத்தேன். அந்தப் பேனாக்கார அம்மாதான் வந்தார். தாளைப் பார்த்து வாங்கினேன், தாளைப் பார்த்து விற்றேன் என்றேன். நம்பவில்லை. ஒவ்வொன்றாக நாள் வைத்துக் காட்டினேன். "தாளோட கலரை வெச்சா?" என்று பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். 'எத்தனை முறை கேட்டாலும் இதுதான்' என்று நீ எழுதிய வரியை இரண்டு முறை படித்தார். முன்பே விற்றதால் நான் தப்பித்த நஷ்டத்தையும், அதற்கு மேல் அபராதமும் கட்டச் சொல்வார்கள் என்றார்கள். கட்டுகிறேன். என் பாதியில் பெரும்பகுதி போய்விடும். போகட்டும்.

உன் பாதி மொத்தமும் இன்று உன் கணக்கில் ஏறியிருக்கும்.

அந்த பஸ்ஸை நான் மறந்தேன் என்று நினைத்தாயா? எனக்குப் பதினைந்து வயது, பக்கத்தில் வகுப்பிலேயே வாய் நீண்ட பெண். வேறு சமாதானம் இல்லை. அப்பா வீட்டுக்கு வந்து ஒன்றும் கேட்கவில்லை. ஒரு அறை அறைந்திருந்தால் அன்றோடு போயிருக்கும். கேட்காமல் விட்டதுதான் முப்பத்திரண்டு வருஷமாக உறுத்துகிறது. நான் மருந்து படிக்கப் போனது எதனால் என்று நினைத்தாய்? படித்து முடிப்பதற்குள் அவர் போய்விட்டார். என் ஜன்னலில் தோல் உதிர்கிற கை எது வந்தாலும் சில்லறையை அந்தக் கையிலேயே கொடுப்பேன், அதிலிருந்தே வாங்குவேன். ஆனால் உன்னுடையது தாளில் வந்தது, ஊதித் தள்ளிவிட்டேன். பாவி நான்.

லீவு கிடைத்ததும் அங்கே வருகிறேன். ஊசியின் பெயரை எழுது. களிம்பை உடம்பு ஈரமாக இருக்கும்போதே போடு. சோப்பை நிறுத்து. முழங்காலுக்கும் வந்துவிட்டதா? மூட்டு வலிக்கிறதா? விரல் மடங்கவில்லை என்றாயே, அது குளிர் இல்லை, டாக்டரிடம் சொன்னாயா? தூக்கம் வருகிறதா? யார் துணி துவைத்துத் தருகிறார்கள்? சாப்பிட்டாயா?

அக்கா

மே 8

அக்கா,

தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று. விசாரணை முடிந்தது. நான் எதையும் வெளியிடவில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். இனி உறவினருக்குக் கம்பெனித் தாளில் எழுதக் கூடாது என்று ஒரு புது விதி போட்டிருக்கிறார்கள், உன் புண்ணியத்தில். இந்த ஒரு கடிதத்துக்கு மட்டும் கண்டுகொள்ளாதே.

ஊசி நன்றாக வேலை செய்கிறது. கை பளிங்கு மாதிரி ஆகிவிட்டது. டாக்டர் பார்த்துவிட்டுப் போன வாரமே உள்ளே அனுப்பிவிட்டார். பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். இதோ, நீலத் தாள். உனக்கு இதைப் பார்த்தால்தானே நிம்மதி?

நீ வருகிறேன் என்று போன கடிதத்தில் எழுதினாய். வேண்டாம். லீவெல்லாம் போட்டுக்கொண்டு அலையாதே. நான் நன்றாக இருக்கிறேன்.

தம்பி

மே 13

டேய் திருப்புளி,

விசாரணை முடிந்தது நிஜம். அந்த அம்மா எனக்கும் எழுதினார். அந்த அளவுக்கு உன் கடிதத்தை நம்புகிறேன்.

உள்ளே இருக்கிற பேனா கறுப்பு மை என்று முதல் கடிதத்திலேயே எழுதினாய். இதை நீல மையில் எழுதியிருக்கிறாய், கடைப் பேனா. தாள் நாலாக மடித்து ரொம்ப நாள் கிடந்த தாள், மடிப்பு பழுப்பேறியிருக்கிறது. எப்போதோ எடுத்து வைத்த ஒன்றை எனக்காகச் செலவழித்திருக்கிறாய். ரேடியோவைப் பிரித்த அன்றைக்கும் இப்படித்தான், பொய் சொல்லத் தெரியாது உனக்கு.

உதிராத தாள் என்றாயே. மடிப்புக்குள் தூள் இருந்தது. இந்த முறை ஊதவில்லை. உள்ளங்கையில் கொட்டிக்கொண்டு ஜன்னலிலேயே அழுதேன். வரிசையில் நின்றவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும்.

இரண்டு வாரம் லீவு போட்டாயிற்று. விரல் மடங்காததற்கு வேறு டாக்டரைப் பார்க்க வேண்டும், விசாரித்து வைத்திருக்கிறேன். ஞாயிறு காலை பதினோரு மணிக்கு உன் விடுதி வாசலில் இருப்பேன். கையுறையைக் கழற்றிவிட்டுக் கதவைத் திற.

அக்கா